வெள்ளிக்காசின் மெய்யும் பொய்யும்

கோயம்புத்தூரை அடுத்து வெள்ளலூர் என்றோர் ஊர் இருக்கிறது. 1842ஆம் ஆண்டில் அவ்வூர் நிலத்தினின்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாக வெளிப்பட்டன. பின்னர் 1891லும் 1931லும் அதே ஊரில் மேலும் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. டெனாரியஸ் என்று பெயர் பெற்ற இக்காசுகளிற் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு பேரரசர் காலத்தவை. பொள்ளாச்சியிலும் கரூரிலும் இத்தகைய காசுகள் கிடைத்துள்ளன. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிற் கிடைத்த கிரேக்க நகரங்களின் காசுகளையும், சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னர்களின் காசுகளையும் தொகுத்து, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். ஆகவே, கிரேக்க, உரோமானியக் காசுகளைப் பற்றிப் பேசுவது நமக்குத் தொடர்பில்லாத அயல்நாட்டுக் கதையைப் பேசுவது ஆகாது. நம் வீட்டுக் கொல்லை மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

அத்தகைய காசொன்று கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மெய்யானதா, போலியா என்று எவ்வாறு அறிவது? இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அதுவே.

இக்கேள்வி மிகப் பழையது. காசு தோன்றிய நாளிலேயே கள்ளக்காசும் தோன்றிவிட்டது. அதை ஆராய்பவனும் உடன் தோன்றினான். சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர் உளர். வண்ணக்கன் என்பது காசின் தரத்தை நோக்கிச் சொல்பவனுக்குரிய தொழிற்பெயர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அதே வேலை செய்யும் அரசு அலுவலனை ரூபதர்சகன் என்று குறிக்கிறது. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரிலோ இதற்கென்று ஒரு சட்டமே இயற்றினர். கி.மு. 375ஆம் ஆண்டையொட்டி நிக்கோபோன் என்பவர் கொணர்ந்த அச்சட்டம் பொறித்த கல், 1970ஆம் ஆண்டில் அந்நகரின் பழைய சந்தைவெளியில் தோண்டி எடுக்கப்பட்டது. காசு வணிகரின் பலகைகளுக்கிடையே ஒரு பரிசோதகன் அமர்ந்திருக்கவேண்டும். கப்பல் வணிகரின் பொருட்டுத் துறைமுகத்தில் மற்றொருவன் இருக்கவேண்டும். அவன் நல்லதென்று கண்ட வெள்ளியை எந்த வணிகனேனும் வாங்க மறுப்பானாயின் அவனது அன்றைய சரக்கு பறிமுதலாகும். பரிசோதகன் கடமை தவறினால் அவனுக்கு ஐம்பது கசையடி. இவ்வளவும் அக்கல்லில் உள்ளன.

அச்சட்டத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி போர்த்த காசு அகப்பட்டால், அதை உடனே குறுக்கே வெட்டித் தெய்வங்களின் அன்னைக்கு உரியதாக்கிவிட வேண்டும். ஆனால், ஏதென்ஸ் முத்திரையைப் பார்த்து அயலார் அடித்த காசு நல்ல வெள்ளியாக இருந்தால், அதை வெட்டக்கூடாது. கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்வது வேறு, ஏமாற்றுவது வேறு என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். இன்றைய ஆராய்ச்சியாளனுக்கும் இப்பாகுபாடு இன்றியமையாதது. அவன் கையிலுள்ள பொருள் அரசு அடித்த காசாக இருக்கலாம். அக்காலத்தே அயலார் நல்ல வெள்ளியில் அடித்த சாயற்காசாக இருக்கலாம். அக்காலத்துக் கள்வன் முலாமிட்ட காசாக இருக்கலாம். இக்காலத்தில் பழம்பொருள் விரும்புவோரை ஏமாற்றச் செய்ததாகவும் இருக்கலாம். முதல் மூன்றும் வரலாற்றுச் சான்றுகளே. இறுதியில் நின்றது ஒன்றே நமக்கு முழுப்பொய்.

பொய்யைக் காண, மெய் எவ்வாறு பிறந்தது என்று அறியவேண்டும். பழங்காசு அடிக்கப்பட்டது, வார்க்கப்பட்டதன்று. எடை பார்த்துச் செய்த வெள்ளி வில்லையைக் காய்ச்சி, பட்டறையிற் பதித்த கீழச்சின்மேல் வைத்து, மேலச்சை அதன்மீது நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அவ்வடியில் வெள்ளி நசுங்கி, அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்து, வெளிப்புறமாக விரியும். விரிந்த வேகத்தில் விளிம்பு சில இடங்களில் பிளந்துபோகும். எழுத்துகளின் ஓரம் செங்குத்தாக, கூர்மையாக நிற்கும். உருப்பெருக்கியால் நோக்கினால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகள் தென்படும். கையால் வைத்துக் கையால் அடித்ததாகலின் உருவம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தலையின் பாதியோ எழுத்தின் பாதியோ வில்லைக்கு வெளியே போயிருக்கும். மாணவர் இதைக் குறையென்று கருதுவர். நான் அதை நற்சான்றென்று கொள்வேன்.

போலி செய்பவனுக்கு எளிய வழி வார்ப்பு. மெய்க்காசொன்றைக் களிமண்ணிலோ வேறொரு குழைவிலோ அழுத்தி அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவான். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகையால் போலி மூலத்தைவிட இம்மியளவு சிறுத்திருக்கும். காற்றுக்குமிழ்கள் தங்கிய இடங்களில் ஊசிமுனைக் குழிகள் விழும். எழுத்தின் ஓரங்கள் சவர்க்காரம் கரைந்தாற்போல் மழுங்கியிருக்கும். இரு பாதி அச்சுகளும் கூடிய இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துவரை தோன்றும். அதை அரத்தால் தேய்த்து அகற்றுவார்கள். தேய்த்த தடம் நின்றுவிடும். எனவே, காசு கைக்கு வந்ததும் எல்லோரும் முகத்தைப் பார்ப்பர்; அறிந்தவன் விளிம்பைப் பார்ப்பான்.

எங்கள் ஏரியூர்ப் பக்கத்தில் கோடையில் மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றும்போது, 1934ஆம் ஆண்டில் அணை முடிந்தபின் நீருள் மூழ்கிய நிலங்கள் வெளியே தலைகாட்டும். நாகமரைத் துறைக்கு எதிர்க்கரையில் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியைக் காணக் கூட்டமே செல்லும். அச்சமயத்தில் பழங்காசு என்று சொல்லி ஏதேனும் ஒன்றை என்னிடம் கொண்டுவருவோர் உண்டு. பெரும்பாலும் அவை வெள்ளையர் காலத்துக் காலணாவாகவோ தம்பிடியாகவோ இருக்கும். ஒருமுறை உழவர் ஒருவர் வந்தார். வாரச் சந்தையில் அயலூர்க்காரன் ஒருவன் அவரிடம் மூன்று பெரிய வெள்ளிக்காசுகளைக் காட்டி, காவிரி மணலில் அகப்பட்ட அலெக்சாந்தர் காலத்துக் காசுகள் என்று கூறியிருக்கிறான். ஒன்றை நம்பிக்கைக்காகக் கொடுத்தனுப்பியும் இருக்கிறான். மூன்றையும் வாங்குவதற்கு மனைவியின் சங்கிலியை அடகு வைக்க அவர் உறுதி செய்துவிட்டார். “வாத்தியாரய்யா, பார்த்துச் சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்” என்றார்.

காசின் ஒரு பக்கம் தலைச்சீரா அணிந்த பெண்ணின் முகம். மறுபக்கம் ஆந்தை, ஒலிவக்கிளை, சிறு பிறை, மூன்று கிரேக்க எழுத்துகள். அது அலெக்சாந்தருடைய காசே அன்று. ஏதென்ஸ் நகரின் புகழ்பெற்ற ஆந்தைக்காசின் வடிவம். நான்கு திராக்மா மதிப்புள்ள மெய்யான ஆந்தைக்காசு ஏறக்குறைய 17.2 கிராம் இருக்கவேண்டும். ஊர்ப் பொற்கொல்லரின் தராசில் இது பதினான்கு கிராமுக்குச் சற்றே மேலாக நின்றது. அதுவே போதும், ஆயினும் உழவரின் மனம் ஒப்பவில்லை. தேய்ந்திருக்கலாமே என்றார். நியாயமான கேள்விதான். தேய்ந்த காசு எடை குறையும். ஆனால் தேய்ந்த காசில் மூக்கும் கன்னமும் முதலில் வழவழப்பாகும். இதிலோ மூக்கு உயர்ந்தே நின்றது. எடை மட்டும் போயிருந்தது. ஆகவே மற்ற இரண்டு காசுகளையும் பார்வைக்கு வாங்கிவரச் சொன்னேன். வந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து அவரிடமே உருப்பெருக்கியைக் கொடுத்தேன். ஆந்தையின் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு குழி; விளிம்பில் ஒரு பிளவு. மூன்றிலும் அதே குழி, அதே இடத்தில் அதே பிளவு.

இதன் பொருளை விளக்குகிறேன். ஒரே அச்சில் அடித்த இரு மெய்க்காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் வில்லை வேறு, அடி வேறு. ஆகையால் விளிம்பின் பிளவு ஒருபோதும் ஒன்றாக இராது. தற்செயலாய் நேர்ந்த வடு மூன்று காசுகளில் ஒரே இடத்தில் இருக்குமாயின், மூன்றும் ஒரு தாயின் வார்ப்புகள். உழவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மூன்றையும் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தார். சங்கிலி அடகுக்குப் போகவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

எடையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு நம் அண்டை நாட்டுக் கதையொன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோமானிய ஆசிரியர் எழுதிவைத்தது. செங்கடலில் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் பணியாள் ஒருவன் புயலில் அகப்பட்டு இலங்கைக் கரை சேர்ந்தான். அவனிடமிருந்த டெனாரியஸ்களைக் கண்ட அவ்வூர் மன்னன், முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதைக் கண்டு வியந்து, இவற்றை வெளியிட்டோர் நேர்மையாளர் என்று முடிவு செய்தானாம். கதையில் மிகை இருக்கலாம். எனினும், எழுத்தறியாத மொழியின் காசை எடையால் மதித்த அம்மன்னனின் அறிவு குறைவற்றது. நம் மொழியில் நாணயம் என்ற சொல்லே காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பதை ஈண்டு நினைக்கலாம்.

அந்த எடையும் நிலைக்கவில்லை. ஒரு உரோமானிய இராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்பது பழைய கணக்கு; காசொன்று ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 64ஆம் ஆண்டளவில் நீரோ மன்னன் ஒரு இராத்தலுக்கு 96 காசு அடித்தான், எடை 3.4 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. தமிழகத்துப் புதையல்களில் நீரோவின் மாற்றத்திற்கு முற்பட்ட வெள்ளிக்காசுகளே மிகுதி. நம் வணிகர் நல்லதை அறிந்து வாங்கினர் போலும்.

எடை சரியாக இருந்தும் உள்ளே செம்பு இருந்தால் என் செய்வது? பண்டைய வணிகன் உளியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பான். எகிப்திற் கிடைத்த ஆந்தைக்காசுகள் பலவற்றில் அவ்வெட்டு உண்டு. 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையிற் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின்மேல் வெட்டு விழுந்துள்ளது. அது சோதனைக்கா, மீண்டும் செலாவணிக்கு வராமல் தடுக்கவா என்பதில் அறிஞர் வேறுபடுவர். நாம் வெட்டலாகாது. நமக்கு ஆர்க்கிமிடீஸ் வழி இருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத் தராசே போதும். காசை மெல்லிய நூலில் தொங்கவிட்டுக் காற்றில் ஒருமுறையும், நீரில் முழுதும் அமிழ்த்தி ஒருமுறையும் நிறுக்கவேண்டும். 3.90 கிராம் உள்ள வெள்ளிக்காசு நீரில் 3.53 கிராம் நிற்கும். குறைந்தது 0.37, 3.90ஐ 0.37ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.5. வெள்ளியின் அடர்த்தி அதுவே. செம்பின் அடர்த்தி 8.96 ஆகையால், செம்புக்கு வெள்ளித் தகடு போர்த்திய காசு நீரில் 0.42 கிராம் போல இழக்கும். வேற்றுமை ஐந்நூற்றிலொரு பங்கு கிராம் அளவன்று, இருபதிலொரு பங்கு, கவனமாக நிறுத்தால் தப்பாது. காசில் ஒட்டிய காற்றுக்குமிழை ஒரு தூரிகையால் அகற்றிவிட வேண்டும் என்பதை மறவற்க. இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.3. செம்பையும் ஈயத்தையும் தக்க அளவிற் கலந்தால் வெள்ளியின் அடர்த்தியைப் பெற்றுவிடலாம். ஆகவே அடர்த்தி தவறினால் காசு பொய் என்று சொல்லலாம். அடர்த்தி பொருந்தியதனாலேயே மெய் என்று சொல்லல் ஆகாது. இன்று ஊடுகதிர்க் கருவிகளைக் கொண்டு காசுக்கு ஊறின்றி அதன் உலோகங்களைக் கண்டறிகின்றனர். அக்கருவியும் பெரும்பாலும் மேற்பரப்பையே பார்க்கும். முலாம் அதையும் ஏய்க்கக்கூடும்.

இனி மேற்பரப்பு. இரண்டாயிரம் ஆண்டு மண்ணிற் கிடந்த வெள்ளி, உப்போடு கூடிச் சாம்பல் நிறமான ஒரு பொருக்கை அடையும். உள்ளேயும் அதன் நுண்மணிகள் வளர்ந்து எளிதில் உடையுந்தன்மை பெறும். பொருக்கு, கறை, மண் யாவும் சான்றுகள். நம்மவரோ காசு கண்ட மாத்திரத்தில் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிடுகின்றனர். குத்துவிளக்குக்குச் செய்வதைப் பழங்காசுக்குச் செய்தால், ஆராய்பவனுக்கு எஞ்சுவது பளபளப்பு ஒன்றே.

பழமையின் நிறத்தைச் செயற்கையாக ஊட்டவும் வல்லார் இருந்தனர். ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்பவர் வார்ப்பை நாடவில்லை. தாமே எஃகில் அச்சு வெட்டி, கிரேக்க, உரோமானியக் காசுகளை அடித்தார். விலை குறைந்த மெய்யான பழங்காசுகளின் மேலேயே புதிய அச்சை அடித்ததும் உண்டு. ஆகவே வெள்ளியும் பழையது, எடையும் சரி. அடித்த காசுகளை இரும்புத்தூளும் நெய்ப்பசையும் இட்ட பெட்டியில் வைத்து வண்டி அச்சில் பிணைத்து, ஊர்ப்பயணம் அழைத்துச் சென்று முதுமை ஏற்றினார் என்பர். பெருங்காட்சியகங்களே ஏமாந்தன. அவரைக் காட்டிக்கொடுத்தது கையெழுத்து. ஒரு மனிதன் பல நாட்டு, பல நூற்றாண்டுக் காசுகளை வெட்டினால், அவனது கை எல்லாவற்றிலும் தெரியும். ஐந்நூறு ஆண்டு இடைவெளியுள்ள இரு நகரங்களின் காசுகளில் ஒரே எழுத்து ஒரே சாய்வில் நின்றால் ஐயம் எழாதிருக்குமா? அவர் வெட்டிய அச்சுகள் பல இன்று பெர்லின் காட்சியகத்தில் உள்ளன. ஒப்பிட்டுப் பார்ப்போர்க்குப் பேருதவி.

எழுத்தும் உருவமும் தவறியிருந்தால் போலி என்று விரைந்து தீர்ப்பளிக்கவும் கூடாது. அகஸ்டஸின் வெள்ளிக்காசொன்றில், அவர் மகன்மையாகக் கொண்ட கேயஸ், லூசியஸ் என்னும் இரு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பர். இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் உரோமானிய வெள்ளிக்காசு வகைகளில் அது ஒன்று. அதைப் பார்த்து இங்கேயே அடித்த காசுகளும் உள்ளன. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் வெறுங்கோடுகளாய்ச் சிதைந்திருக்கும். அடித்தவன் இலத்தீன் அறியான். ஆனால் அவன் வாழ்ந்த காலம் மெய், அவனுக்குப் பின்னிருந்த வாணிகம் மெய். இதனினும் வியப்பு, கரூரிற் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு. உரோமானிய முறையில் ஒரு மன்னனின் தலை. மேலே தமிழி எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயர். உரோமானியக் காசின் தோற்றத்தை வாங்கி, அதில் தம் பெயரைத் தம் எழுத்தில் பொறித்த அவ்வரசரை யார் போலி என்பர்?

இத்தனை சோதனைகளுக்கும் மேலான சான்று ஒன்று உண்டு. அது காசில் இல்லை. காசு கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஊர், எந்த வயல், எத்தனை அடி ஆழம், உடன் கிடந்த பானையோடு எத்தகையது, பக்கத்தில் வேறு காசு என்ன என்பவை தெரிந்தால், ஐயுற வேண்டிய இடம் மிகக் குறையும். ஆற்றுமணலில் அரித்தெடுத்துக் கைமாறிக் கைமாறி வரும் காசுக்கு இவை இல்லை. கரூர்க் காசுகளைப் பற்றிய வாதங்கள் பலவும் இதனாலேயே முடிவின்றி நிற்கின்றன. அறிஞர் ஆராய்ந்து எழுதிய பின்னும், இக்காசு மெய்யாகவே இம்மணலில் இருந்ததா, வணிகன் வேறெங்கோ வாங்கி இங்கே கொணர்ந்தானா என்று ஒருவர் கேட்டால், விடைசொல்லக் காசுக்கு வாயில்லை.

ஆகவே, ஏர்முனையிலோ கிணறு வெட்டுமிடத்திலோ உங்கள் கண்ணுக்கு ஒரு காசு தென்பட்டால், அதைத் துலக்காதீர்கள்; தாளிற் பொதிந்து, இடத்தையும் ஆழத்தையும் நாளையும் அத்தாளிலேயே எழுதுங்கள். உடன் கிடந்த ஓட்டுத்துண்டையும் எறிந்துவிடாதீர்கள். பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேரிலோ மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற அச்சத்தால் பலர் மறைத்துவிடுகின்றனர். காசு இரவோடிரவாக உருக்குமூசைக்குப் போய்விடுகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அவ்வாறு கூறவில்லை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை அறிவிக்கவேண்டும் என்பது அதன் விதி. உரியவர் என்று எவரும் மெய்ப்பிக்காவிடில், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கும் சேரும். அரசே அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், உள்ளிருக்கும் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கைக் கூட்டிப் பணமாகக் கொடுக்கவேண்டும். அறிவிக்காமல் மறைத்தவருக்கு அப்பங்கு இல்லை, தண்டனை உண்டு.